ஐப்பசி நிலவும் ஒரு பருக்கை அன்னமும்

துர்முகி ஆண்டு ஐப்பசித் திங்கள் 29-ஆம் நாள். ஆங்கிலக் கணக்கில் 2016 நவம்பர் 14. அன்று பௌர்ணமி. திங்கட்கிழமையும் அதனுடன் கூடியிருந்தது. சிவாலயங்கள் தோறும் அன்னாபிஷேகம். இந்தச் சிறப்புகள் போதாவென்று நாளிதழ்கள் இன்னொன்றையும் ஒரு வாரமாக எழுதிக்கொண்டிருந்தன. அன்றிரவு வானில் எழும் முழுநிலவு 1948-ஆம் ஆண்டுக்குப் பிறகு பூமிக்கு மிக அருகில் வரும் முழுநிலவாம். அதைவிட அருகில் வருவதைக் காண வேண்டுமானால் 2034 வரை காத்திருக்க வேண்டுமாம்.

திருவையாற்றிலிருந்து கும்பகோணம் செல்லும் சாலையை ஒட்டி, காவிரிக் கரையில் உள்ளது எங்கள் சிற்றூர். பள்ளியில் அறிவியல் ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்று, வயது முதிர்ந்த தாயாருடன் அங்கே வசித்துவந்தேன். அப்போது எனக்கு வயது 62. தாயாருக்கு 80 நிறைவதற்குச் சில மாதங்களே இருந்தன. அந்த ஆண்டு தீபாவளிக்கு என் மகன் ஒரு புகைப்படக் கருவியையும், தொலைவில் உள்ளதை அருகில் காட்டும் 300 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றையும் வாங்கி அனுப்பியிருந்தான். ஓய்வு பெற்றவனுக்குப் பொழுதுபோக்கு வேண்டும் என்பது அவன் எண்ணம். பொழுதுபோக்கு என்றுதான் தொடங்கியது. பதினைந்து நாளில் அது ஒரு பித்தாகவே ஆகிவிட்டது.

நிலவு நெருங்கி வருவதில் புதிர் ஒன்றும் இல்லை. பூமியைச் சுற்றும் சந்திரனின் பாதை சரியான வட்டமன்று. சற்றே நீண்ட வட்டம். ஆகையால் ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை அருகில் வருகிறது, ஒருமுறை விலகிச் செல்கிறது. சராசரித் தொலைவு 3,84,400 கிலோமீட்டர். விலகும்போது நான்கு லட்சத்தைத் தாண்டிவிடும். அருகில் வரும் நேரமும் பௌர்ணமியும் ஏறக்குறைய ஒன்றாக அமைந்தால், அந்த நிலவு வழக்கத்தைவிடச் சற்றுப் பெரிதாகவும் ஒளி மிக்கதாகவும் இருக்கும். ‘சூப்பர் மூன்’ என்ற பெயரை அதற்கு 1979-இல் சூட்டியவர் ஓர் அமெரிக்கச் சோதிடர். வானியலார் அப்பெயரைப் பின்னரே ஏற்றுக்கொண்டனர். அந்த நவம்பர் மாலையில் சந்திரன் ஏறத்தாழ 3,56,500 கிலோமீட்டர் தொலைவுக்கு வந்திருந்தது. மாலை ஐந்து மணியை ஒட்டி மிக அருகில் வந்து, இரவு 7 மணி 22 நிமிடத்துக்குப் பௌர்ணமி முழுமை பெறும் என்று கணக்கிட்டிருந்தார்கள்.

அந்த 7.22-ஐ நான் ஒரு தாளில் எழுதிக் கண்ணாடிச் சட்டத்தில் செருகி வைத்தேன். அந்த நொடியைப் படமாக்கிவிட வேண்டும் என்பது என் ஆசை.

அதே வாரத்தில் தாயாரும் ஓர் ஏற்பாட்டில் இருந்தார். அன்றாடம் உலை வைக்கும் முன் ஒரு பிடி அரிசியைத் தனியே ஒரு பானையில் போடும் வழக்கம் அவருக்கு உண்டு. காஞ்சி மகாசுவாமிகள் பிடியரிசித் திட்டத்தை எடுத்துச் சொன்ன காலத்தில் தொடங்கிய பழக்கம் அது. ஐப்பசிப் பௌர்ணமி நெருங்கும்போது அந்தப் பச்சரிசியைப் புடைத்து, கல் பொறுக்கி, அன்னாபிஷேகத்துக்கென்று கோயிலில் சேர்ப்பார். அந்த ஆண்டு ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வந்து ஆறே நாள் ஆகியிருந்தது. கோயிலுக்கு நன்கொடை எழுதியவர்கள் எல்லாம் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். தாயார் மட்டும், “காசுதானே செல்லாது, தம்பி? அரிசி என்றைக்கும் செல்லும்” என்று சொல்லி, முதல் நாள் மாலையே அரிசியைக் கோயிலுக்குக் கொடுத்தனுப்பினார். மழை பொய்த்த ஆண்டு அது. வயல்கள் வெடித்துக் கிடந்தன. அந்த நிலையிலும் தெருவில் ஏறக்குறைய எல்லா வீட்டிலிருந்தும் கோயிலுக்கு அரிசி போயிற்று.

அன்னாபிஷேகத்தின் பெருமையை வாசக அன்பர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வடித்து ஆற வைத்த அன்னத்தால் சிவலிங்கத் திருமேனி முழுவதும் மூடப்பட்டு, காய்களும் கனிகளும் சாத்தப்பட்டு விளங்கும் காட்சியைக் கண்டவர் மறப்பதில்லை. கங்கைகொண்ட சோழபுரத்துப் பேருருவமாயினும், எங்கள் ஊரில் உள்ளதுபோல் முழங்கால் உயரமே உள்ள திருமேனியாயினும், அன்று எல்லா லிங்கமும் வெண்ணிறம். ஒவ்வொரு பருக்கையும் ஒரு லிங்கம் என்பதால் அன்றைய தரிசனம் கோடி லிங்க தரிசனத்துக்குச் சமம் என்பர் பெரியோர்.

ஐப்பசிப் பௌர்ணமிக்கு இது ஏன் அமைந்தது என்பதற்குத் தாயார் சொல்லும் கதை, பலரும் அறிந்த சந்திரன் கதைதான். தக்கனின் புதல்வியர் இருபத்தெழுவரை மணந்த சந்திரன், ரோகிணி ஒருத்தியிடம் மட்டுமே அன்பு பாராட்டி மற்றவர்களை மறந்தான். தக்கன் சபித்தான். கலைகள் ஒவ்வொன்றாகத் தேய்ந்து, எஞ்சிய பிறையுடன் அவன் இறைவனைச் சரணடைந்தான். இறைவன் அப்பிறையைத் தன் சடையில் சூடி வாழ்வளித்தான். பதினாறு கலைகளும் நிரம்பி அவன் முழுப்பொலிவுடன் விளங்குவது ஐப்பசிப் பௌர்ணமியில் என்பது ஐதிகம். சந்திரனுக்குரிய தானியமும் நெல்லே. ஆகவே அன்று அன்னத்தால் அபிஷேகம். சந்திரனுக்குரிய திங்களூர் எங்கள் ஊருக்கு அருகில்தான். முழங்கால் வலி வருமுன் தாயார் திங்கட்கிழமைகளில் அங்கே சென்று வருவதுண்டு.

அன்று பிற்பகல் நான்கு மணிக்கே நான் மொட்டைமாடிக்குச் சென்று முக்காலியை நிறுத்தி, அதன் மேல் கேமராவைப் பொருத்தினேன். கீழ்வானில் தென்னை வரிசை. மேகம் ஒன்றுகூட இல்லை. மழை இல்லாத வானம் உழவனுக்குத் துயரம். படம் பிடிப்பவனுக்கு வசதி. அன்று நான் இரண்டாமவனாக மட்டுமே இருந்தேன்.

கதிரவன் மேற்கே இறங்கவும் கிழக்கே நிலவு எழவும் சரியாக இருந்தது. தென்னங்கீற்றுகளுக்கிடையே செம்பொன் நிறத்தில் அது தோன்றியபோது என்னையறியாமல் கைகூப்பினேன். மிகப் பெரிதாகத் தெரிந்தது. ஆனால் அடிவானத்து நிலவு எந்த மாதத்திலும் பெரிதாகத்தான் தெரியும். மரங்களோடும் வீடுகளோடும் சேர்த்துப் பார்க்கையில் மனம் செய்துகொள்ளும் மயக்கம் அது. உள்ளபடி பார்த்தால் உச்சிக்கு வந்த நிலவே நமக்கு இன்னும் சில ஆயிரம் கிலோமீட்டர் அருகில் இருக்கிறது. கையை நீட்டி ஒரு பட்டாணியைப் பிடித்தால் அதன் பின்னே முழுநிலவும் மறைந்துவிடும். அடிவானத்திலும் அப்படியே, உச்சியிலும் அப்படியே. மிகத் தொலைவில் உள்ள முழுநிலவைவிட அன்றைய நிலவு 14 விழுக்காடு பெரிது. சராசரி நிலவோடு ஒப்பிட்டால் 7 அல்லது 8 விழுக்காடுதான். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தாலன்றி வெறுங்கண்ணுக்கு வேறுபாடு புலப்படாது. இவ்வளவையும் நான் வகுப்பறையில் கற்பித்திருக்கிறேன்.

முதலில் எடுத்த படங்கள் எல்லாம் வெள்ளைப் பொட்டுகளாகவே வந்தன. காரணம் பிறகுதான் விளங்கிற்று. நாம் இருட்டில் நின்று பார்க்கிறோமே தவிர, நிலவு இருட்டில் இல்லை. அது முழு வெயிலில் கிடக்கும் பாறை. கறுத்த வானத்தைக் கண்ட கேமரா இருட்டென்று எண்ணித் தன் கண்ணை அகலத் திறந்துகொள்கிறது. நிலவின் ஒளி பெருகி முகம் அழிந்துவிடுகிறது. பகல் வெளிச்சத்தில் படம் எடுப்பதுபோல் துவாரத்தைச் சுருக்கி, நொடியில் நூறில் ஒரு பங்கு நேரமே ஒளியை உள்ளே விட்ட பிறகு, கரும்புள்ளிகளும் வளையங்களும் துலங்கலாயின. அந்தப் பெரிய லென்ஸிலும் உள்ளே விழும் நிலவின் உருவம் மூன்று மில்லிமீட்டர்கூட இல்லை. அந்தக் கடுகளவுக்காகக் காற்று அசையாத நேரம் பார்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஆறு மணிக்குக் கீழேயிருந்து தாயாரின் குரல் கேட்டது. “தம்பி, அலங்காரம் முடிந்திருக்கும். போகலாமா?”

“இதோ அம்மா, பத்து நிமிடம்.”

அவர் குளித்து, மடித்து வைத்திருந்த வெண்பட்டை உடுத்தி, விபூதி இட்டு, ஒரு சிறு தூக்குப் பாத்திரத்துடன் திண்ணையில் அமர்ந்திருந்தார். கோயில் எங்கள் வீட்டிலிருந்து ஒரு தெருத் தொலைவுதான். ஆனால் தெருவிளக்கு எரியவில்லை. கண்ணில் புரை. மழைநீர் வடிகாலுக்காகத் தோண்டிய பள்ளம் வேறு. என் கை இல்லாமல் அவரால் செல்ல இயலாது.

ஆறரைக்கு ஒருமுறை, “தம்பி” என்றார். காரணம் எதையும் சேர்க்காமல் அவ்வளவே சொன்னார். நான் அதற்கும் “பத்து நிமிடம்” என்றேன். அதன் பிறகு அவர் கூப்பிடவில்லை. கூப்பிடாததை அவர் இசைவென்று எடுத்துக்கொண்டேன். 7.22-க்கு என்ன நிகழப்போகிறது என்று என் மாணவன் ஒருவன் கேட்டிருந்தால், ஒன்றும் நிகழாது, 6.30-க்கு உள்ள நிலவும் 7.22-க்கு உள்ள நிலவும் கண்ணுக்கு ஒன்றே என்று சொல்லியிருப்பேன். ஆனால் அன்று அந்த எண் என்னைப் பிடித்துக்கொண்டது. 7.22-க்கு ஐந்து படங்கள் எடுத்தேன். எடுத்த படங்களை அங்கேயே நின்று பெரிதாக்கிப் பார்த்தேன். முக்காலியை மடித்துக் கீழே இறங்கியபோது மணி எட்டு ஆகப் பத்து நிமிடமே இருந்தது.

கேமராவைக் கழுத்தில் மாட்டியபடியே தாயாரின் கையைப் பிடித்துச் சென்றேன். கோயில் வாசலில் எதிரே வந்தவர்கள் கையில் தயிர்சாதத் தொன்னைகள் இருந்தன. அதைக் கண்டதுமே எனக்கு விளங்கிவிட்டது. அர்த்த மண்டபத்தை அடைந்தபோது அன்னம் களையப்பட்டிருந்தது. திருமேனியின் மேற்பகுதியில் சாத்திய அன்னத்தை மீன்களுக்கு உணவாகக் காவிரிக்கு எடுத்துச் சென்றுவிட்டார்கள். ஆவுடையாரின் மேல் இருந்தது பிரசாதமாகி, அதுவும் ஏறக்குறைய தீர்ந்திருந்தது. நீராட்டிய கருந்திருமேனி ஈரத்துடன் விளங்கிற்று.

குருக்கள் தாயாரைப் பார்த்ததும் திகைத்தார். “அம்மா, உங்களை இவ்வளவு நேரம் காணோமே என்று பார்த்தேன். உங்கள் வீட்டு அரிசிதான் முதலில் உலையில் விழுந்தது” என்றார். பிறகு தாமே கற்பூரம் ஏற்றி, தட்டைத் திருமேனிக்கு மிக அருகில் கொண்டுசென்று நிதானமாகக் காட்டினார்.

தாயார் கண்களை இடுக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். “ஆவுடையார் மடிப்பில் ஏதோ வெள்ளையாக இருக்கிறதே?” என்றார்.

குருக்கள் குனிந்து பார்த்து, “பருக்கை அம்மா. ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது” என்றார்.

“இருக்கட்டும். எடுக்க வேண்டாம். ஒன்று இருக்கிறதே, போதும்” என்று சொல்லித் தாயார் கைகூப்பினார்.

திரும்பும் வழியில் நான் ஒன்றும் பேசவில்லை. சொல்வதற்கு என்ன இருந்தது? தெரு நடுவே தாயார் நின்றார். “எங்கே, அந்த நிலாவைக் காட்டு” என்றார். நிலவு இப்போது தென்னைகளுக்கு மேலே நன்றாக ஏறியிருந்தது. புரை மூடிய கண்ணுக்கு அது எப்படித் தெரிந்ததோ! “பஞ்சு உருண்டைபோல் இருக்கிறது” என்றார். பிறகு, “முன்பு வந்தது எந்த வருஷம் என்றாய்?” என்று கேட்டார்.

“1948, ஜனவரி 26. அதுவும் திங்கட்கிழமைதான். தைப்பூசம்.”

அவர் முகம் மலர்ந்தது. “அப்படியானால் நான் பார்த்திருக்கிறேன். எனக்குப் பதினொரு வயது. திருவிடைமருதூரில் பூசத் தீர்த்தவாரிக்குப் போய்விட்டு, இராத்திரி மாட்டுவண்டியில் ஊருக்குத் திரும்பினோம். அடுத்த வெள்ளிக்கிழமை காந்தியை இழந்தோம் என்று சேதி வந்தது, அதனால் மறக்கவில்லை.”

“நிலா பெரிதாக இருந்ததா, அம்மா?”

“அது தெரியாது, தம்பி. நான் அம்மா மடியில் படுத்திருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் அம்மா முகம். அதற்குப் பின்னால் நிலா. வண்டி ஆடும்போது வந்து வந்து போகும்.”

அவரை அந்த நிலவோடு சேர்த்து ஒரு படம் எடுக்க வேண்டும் என்று தோன்றியது. தெருவில் நிற்க வைத்து, கீழே அமர்ந்து பார்த்தேன். நிலவுக்கு ஏற்பக் கருவியை வைத்தால் தாயாரின் முகம் இருண்டுவிட்டது. முகத்துக்கு ஏற்ப வைத்தால் நிலவு வெள்ளைப் பொட்டாயிற்று. இரண்டும் ஒன்றாக அமையவில்லை. “போதும், வா. பனி விழுகிறது” என்றார். வீட்டுத் திண்ணையில் அமர்ந்து ஒரு தொன்னைத் தயிர்சாதத்தை இருவரும் பகிர்ந்து உண்டோம். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. அன்றும் இல்லை, பின்னரும் இல்லை.

அடுத்த ஐப்பசி வருவதற்கு முன், ஆவணியில் தாயார் சிவபதம் அடைந்தார்.

காரியங்கள் முடிந்த பின் ஒருநாள் அந்தப் படங்களை எடுத்துப் பார்த்தேன். மொத்தம் எழுபதுக்கு மேல். 7.22-க்கு எடுத்த ஐந்தும் 7.10-க்கு எடுத்தவையும் ஒன்றுபோலவே இருந்தன. எனக்கே வேறுபாடு தெரியவில்லை. கடைசியில், முகம் தெரியாமல் தாயாரின் உருவம் மட்டும் கறுப்பாக நிற்க, தோளுக்கு மேல் நிலவு தெளிவாக விளங்கும் படம் ஒன்று இருந்தது. அதை மட்டும் அச்சிட்டுப் பூசை அறைக்கு வெளியே மாட்டியிருக்கிறேன்.

திங்களூரில் வாழ்ந்த அப்பூதியடிகளின் வரலாற்றை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு சுடுகிறது. அப்பர் பெருமானுக்கு வாழையிலை அரியச் சென்ற மகனை அரவு தீண்டி அவன் இறந்தபோதும், அடியார் அமுது செய்வது தாமதப்படலாகாது என்று அத்துயரை மறைத்துக்கொண்டு இலை போட்ட பெற்றோர் அவர்கள். அவர்கள் ஊருக்கு அருகில் பிறந்த நான், தாயின் தரிசனத்தைக் காக்க வைத்தேன். அதுவும் மூன்றரை லட்சம் கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள ஒன்று ‘அருகில்’ வந்ததென்று. மாடிப்படிக்குக் கீழே அமர்ந்திருந்தவரின் தொலைவை நான் அளக்கவில்லை. இருபத்தாறு பேரை மறந்த சந்திரனின் கதையைக் கேட்டு வளர்ந்தவன்தான் நானும்.

இப்போதும் நான் நிலவைப் படம் எடுப்பதுண்டு. அதில் பிழையில்லை. இறைவன் சடையில் சூடியதை நாம் கண்டு மகிழ்வதும் ஒருவகை வழிபாடே. ஆனால் ஐப்பசிப் பௌர்ணமியன்று கேமராவைத் தொடுவதில்லை. பிடியரிசிப் பானை இன்றும் எங்கள் சமையலறையில் இருக்கிறது. அன்று மாலை ஐந்து மணிக்கே, கைபிடித்து அழைத்துச் செல்ல ஆளில்லாத எங்கள் தெருப் பாட்டிமார் இருவரை அழைத்துக்கொண்டு கோயிலுக்குச் சென்றுவிடுவேன். அலங்காரம் முடிந்து திரை விலகும்போது அவர்கள் முன்வரிசையில் இருப்பார்கள்.

இவ்வார இதழை வாசிக்கும் அன்பர்களில் பலர் என் தாயாரைப்போல் திண்ணையில் காத்திருப்பவர்களாக இருக்கக்கூடும். உங்களுக்கு ஒரு விண்ணப்பம். பிள்ளைகள் “பத்து நிமிடம்” என்றால் பேசாமல் இருந்துவிடாதீர்கள். மூன்றாம் முறையும் கூப்பிடுங்கள். உங்கள் மௌனத்தைப் பொறுமை என்று நீங்கள் எண்ணுகிறீர்கள்; அவர்கள் அதைச் சம்மதம் என்று எண்ணிவிடுகிறார்கள். அது அன்பில்லாமையால் அன்று, அறியாமையால். நான் அறியாதவனாகத்தான் இருந்தேன்.

2034-ஆம் ஆண்டு நவம்பர் 25 அன்று, கார்த்திகைப் பௌர்ணமியில், நிலவு இன்னும் சற்று அருகில் வருமாம். அண்ணாமலையார் அருளால் நான் இருந்தால் எனக்கு வயது 80. அன்று அகல் விளக்குகளின் நடுவே திண்ணையில் அமர்ந்து, யாராவது கை கொடுத்துக் கோயிலுக்கு அழைத்துச் செல்வதற்காக நானும் காத்திருப்பேன்.